எட்டுப் பேருக்கு ஒரு கார்டு

அந்த மனிதர் ஒரு காலில் மட்டும் ஷூவைக் கழற்றிவிட்டு உயரம் அளக்கும் கம்பத்தின் கீழே போய் நின்றார். இன்னொரு காலில் ஷூவே இல்லை. பழைய கைலித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். முதுகைச் சுவரோடு ஒட்டி, மோவாயைத் தூக்கி, மூச்சை வேறு இழுத்துப் பிடித்துக்கொண்டார். பலகையைத் தலையில் இறக்கினேன். நூற்று அறுபத்தொன்று.

கம்ப்யூட்டரில் அவருடைய ஃபைலைத் திறந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே ஆள் நூற்று எழுபத்தாறு.

"அண்ணே, நல்லா நிமிர்ந்து நில்லுங்க."

"நிமிர்ந்துதாங்க நிக்கிறேன் சிஸ்டர்."

"மூணு மாசத்துல பதினஞ்சு சென்டிமீட்டர் எங்கண்ணே போச்சு?"

என்னைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெயில்ல வேலைங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்தேன் என்பதை எழுதிவிட வேண்டும். நல்லவள்போலக் காட்டிக்கொண்டு இந்த அத்தியாயத்தை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

தோஹாவில் ஓர் அரசு சுகாதார மையத்தில் நான் நர்ஸ். டாக்டரைப் பார்க்கப் போகும் முன்னால் உயரம், எடை, பிரஷர், தேவைப்பட்டால் சர்க்கரை பார்த்து அனுப்புகிற முதல் மேசை என்னுடையது. ஃபைலில் இருந்த பெயர் செல்வராசு, வயது முப்பத்து நான்கு. எதிரே நின்றவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். காதோரம் தலைச்சாயம் வியர்வையில் கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"உங்க பேரு?"

"செல்வராசுங்க."

"அம்மா பேரு?"

"காசியம்மாள்." பிறந்த தேதியையும் கேட்காமலே ஒப்பித்தார். பரீட்சைக்குப் படித்த பையன் கெட்டான்.

"அதெல்லாம் சரிண்ணே. உண்மையான பேரு என்ன?"

கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "முருகேசனுங்க. பெரம்பலூர் பக்கம்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உயரம் என்ற கட்டத்தில் நூற்று எழுபத்தாறு என்று அடித்தேன். "போங்க, டாக்டர்கிட்ட வாயைத் திறக்காதீங்க. ஆணி குத்திடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்று அனுப்பினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு என்மேலேயே ஒரு பெருமை. ஓர் ஏழைக்கு உதவி செய்துவிட்டேனாம்.

ரூம் கார்டு

தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

இங்கே அரசாங்க சுகாதார மையத்தில் ஹெல்த் கார்டு இருந்தால் செலவு ஒன்றும் பெரிதில்லை. சுத்தமான இடம். ஏ.சி., நல்ல டாக்டர்கள், நல்ல மருந்து. மேனேஜரும் மேஸ்திரியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அந்தக் கார்டு ரெசிடென்ஸ் ஐடியோடு கட்டப்பட்டது. பத்தாக்கா என்று அரபியில் சொல்வார்களே, அந்த அடையாள அட்டைதான். அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டியது கம்பெனி, தொழிலாளி இல்லை. கம்பெனி புதுப்பிக்காமல் விட்டால் ஐடி செத்துப்போகும். ஐடி செத்தால் கார்டும் செல்லாது. உடம்பு மட்டும் உயிரோடு இருக்கும், அதற்கு வைத்தியம் பார்க்க இடம் இருக்காது. பிரைவேட் கிளினிக் இருக்கிறதே என்பீர்கள். அங்கே இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு தடவை உள்ளே போய் வந்தால் அந்த மாதம் ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சாது.

முருகேசனுடைய ஐடி செத்து அப்போது எட்டு மாதம். கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்பென்டர். தோஹாவில் நஜ்மா என்கிற பகுதியில் ஒரு பழைய வில்லாவைப் பலகை வைத்துத் தடுத்து ரூம் ரூமாக விட்டிருப்பார்கள், அதில் ஒரு ரூமில் எட்டுப் பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கம்பெனி. எட்டுப் பேரில் உயிருள்ள கார்டு இருந்தது ஒரே ஒருவரிடம். அவர்தான் செல்வராசு. கடை கடையாகக் குடிதண்ணீர் கேன் போடுகிற வண்டியில் டிரைவர். அவருடைய கம்பெனி ஒழுங்கான கம்பெனி.

அதனால் அது ரூம் கார்டு. சமையலுக்கு முறை வைத்திருப்பதுபோலக் கார்டுக்கும் ஒரு முறை. ஐடியும் கார்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில் அரிசி டிரம்மின்மேல் இருக்கும். காய்ச்சல் வந்தவர் எடுத்துக்கொண்டு போவார், வந்ததும் திரும்ப வைத்துவிடுவார். புதிதாக ரூமுக்கு வருகிறவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது செல்வராசுவின் பிறந்த தேதியும் அவருடைய அம்மா பெயரும்தான்.

ஐடியில் ஃபோட்டோ இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும், நகக்கண் அளவு. மீசை வைத்த கறுத்த ஆள். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் அதை ஒரு பார்வை பார்ப்பார்கள், எதிரே மீசை வைத்த கறுத்த ஆள் ஒருவர் நிற்பார். யல்லா, அடுத்தது. அவர்கள் கண்ணுக்கு நம்மாட்கள் எல்லாரும் ஒரே மூஞ்சி. எனக்கு அது எரிச்சலான விஷயம். ஆனால் அந்த அவமானத்தைத்தான் இவர்கள் எட்டுப் பேரும் ஒரு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

பேரு, வயசு, ஊரு

நான் நர்சிங் படித்தது திருச்சியில். பயிற்சிக்கு எங்களை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். வாசலில் நாய் படுத்திருக்கும். ஃபேன் சுற்றும்போது ஏதோ அரைக்கிற சத்தம் கேட்கும். இருமல் மருந்து தீர்ந்துபோய் வாரக்கணக்கில் வராது. பாலாறும் தேனாறும் ஓடியது என்று கதை விட மாட்டேன்.

ஆனால் ஓ.பி. சீட்டு எழுத ஒரு பெஞ்ச் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். வந்தவரிடம் மூன்று கேள்விதான். பேரு, வயசு, ஊரு. அவ்வளவுதான், சீட்டு. பக்கத்து மாநிலத்திலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பங்கள்கூட வரும். பாஷை தெரியாது, பேர் சொல்வதே புரியாது. ஏதோ ஒன்றை எழுதி உள்ளே அனுப்புவேன். உன்னை யார் கூட்டிக்கொண்டு வந்தது, அவன் உன் பேப்பரைப் புதுப்பித்தானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

அந்தப் பழக்கம்தான் இங்கே என்னைக் கெடுத்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். யார் கார்டாக இருந்தால் என்ன, ஆள் உள்ளே போகட்டும் என்கிற நினைப்பு. திருச்சியில் அது சரி. அங்கே சீட்டு வெறும் சீட்டு. இங்கே கார்டுக்குப் பின்னால் ஒரு ஃபைல் இருக்கிறது, டாக்டர் அந்த ஃபைலை நம்புகிறார். இது என் மரமண்டைக்கு அன்று உறைக்கவில்லை.

வலிக்கலைங்க

அன்று நடந்ததை இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

ஷட்டரிங் பலகையிலிருந்த ஆணி ஷூவைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறியிருக்கிறது. எப்போது குத்தியது என்று கேட்டேன். "முந்தா நாளுங்க. ரூமுக்கு வந்து ஷூவைக் கழட்டுறப்பதான் பாத்தேன். சாக்ஸெல்லாம் ரத்தம்."

"குத்தும்போது தெரியலையா?"

"வலிக்கலைங்க சிஸ்டர்."

ஆணி பாதத்தில் இறங்கியும் வலிக்கவில்லை என்று ஒரு மனுஷன் சொன்னால் முதல் வருட நர்சிங் மாணவிகூட அடுத்த கேள்வியைக் கேட்பாள். சர்க்கரை முற்றிய கால்தான் மரத்துப்போகும். அந்த ஆள் என் அறைக்குள் இருந்த நேரத்தில் இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தார், ஒரு தடவை பாத்ரூம் எங்கே என்று கேட்டார். நான் வெயில் என்று நினைத்தேன். வெளியே ஐம்பதைத் தொடுகிற வெயில். எல்லாரும்தான் தண்ணீர் குடிக்கிறார்கள்.

விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அரை நிமிட வேலை. ஏன் செய்யவில்லை? ஃபைலில் முந்தின மாத ரத்தப் பரிசோதனை இருந்தது. சர்க்கரை நார்மல். நார்மல் என்று ஒரு மாதத்துக்குள் இருந்தால் நாங்கள் திரும்பக் குத்த மாட்டோம்.

அந்த ரத்தம் இவருடையது இல்லை என்று எனக்குத் தெரியும். உயரத்தை நானே பொய்யாக அடித்தேனே! உயரம் வேறு ஆளுடையது என்று தெரிந்தவளுக்குச் சர்க்கரையும் வேறு ஆளுடையது என்று தெரிய வேண்டாமா? தெரியவில்லை. கண் பழக்கத்தில் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தது, கை பழக்கத்தில் அடுத்த பக்கத்துக்குப் போனது.

எங்கள் டாக்டர் சூடான்காரர். பொறுமைசாலி. அவரும் அதே பச்சை எழுத்தைப் பார்த்தார். முப்பத்து நான்கு வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஆணி குத்திய காயம். கழுவிக் கட்டு, டி.டி. ஊசி, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். போகும்போது முருகேசன் என் மேசைப் பக்கம் வந்து இரண்டு கையையும் கூப்பினார். "உங்க புண்ணியத்துல காரியம் ஆச்சு சிஸ்டர்" என்றார்.

யாருடைய சர்க்கரை?

ஒன்பது நாள் கழித்து அதே பெயர் என் திரையில் வந்தது. இந்தத் தடவை தானாக நடந்து வரவில்லை. நல்ல உயரமான ஓர் ஆள் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததுமே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. நர்சுகளுக்கு அந்த வாடை தெரியும்.

கட்டைப் பிரித்தேன். பெருவிரல் கறுத்துப்போயிருந்தது. பாதம் முழுக்க வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. அப்போதும் அவர், "வலியெல்லாம் பெரிசா இல்லீங்க, காய்ச்சல்தான் விட மாட்டேங்குது" என்கிறார். விரலில் குத்தினேன். மெஷின் எண்ணே காட்டவில்லை. அளவுக்கு மேலே போய்விட்டால் 'ஹை' என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து வரும், அதுதான் வந்தது.

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"அண்ணே, உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு தெரியுமா?"

"ஊர்ல ஒரு தடவை டாக்டர் சொன்னாருங்க. மாத்திரை குடுத்தாரு. இங்க வந்ததும் முடிஞ்சுபோச்சு."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"நீங்கதானே சிஸ்டர் வாயைத் திறக்காதேன்னீங்க."

அந்தப் பதிலை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எழுந்து டாக்டர் அறைக்குப் போகப் பார்த்தேன். முருகேசனுக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிராதீங்க சிஸ்டர். அவன் வேலை போயிரும். ரெண்டு பிள்ளைங்க அவனுக்கு. மாத்திரை மட்டும் வாங்கிக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்." கதவோரம் நின்ற உயரமான ஆள்தான் செல்வராசு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் முருகேசனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்க சிஸ்டர். கால் முக்கியம்" என்றார்.

போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் அடித்த பொய் உயரம் உட்பட. டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியானால் அன்றைக்கு நான் யாருடைய சர்க்கரையைப் படித்தேன் சிஸ்டர்?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் யாரும் கார்டு கேட்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் யாராக இருந்தாலும் பார்ப்பார்கள். பார்த்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். பெருவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் முன்பாதத்தில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். உயிர் தப்பியது.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். காலை வெட்டக் கார்டு வேண்டாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க மட்டும் கார்டு வேண்டும். எந்தப் புத்திசாலி போட்ட கணக்கு இது? ஒரு மாதத்துக்கு ஒரு பட்டை மாத்திரை தர மனசில்லாதவர்கள் ஆபரேஷன் தியேட்டரையே திறந்துவைக்கிறார்கள். முருகேசன் இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது தன் சொந்தப் பெயரில் வந்து, தன் சொந்த வாயால், "எனக்குச் சர்க்கரைங்க" என்று சொல்லியிருந்தால் இன்றைக்குப் பத்து விரலோடு நடந்துகொண்டிருப்பார்.

மூன்றே நாள்

வார்டில் போய்ப் பார்த்தேன். போர்வைக்குள் காலை மறைத்துக்கொண்டு மனைவியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். சைட்டில் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "செல்வராசுக்கு ஒண்ணும் ஆகலியே?"

என்னைத் திட்டினால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

அவருடைய கம்பெனியின் மந்தூப் நம்பரை வாங்கிப் பேசினேன். மந்தூப் என்றால் அரசாங்க ஆபீஸ்களுக்கு அலைந்து பேப்பர் வேலை பார்க்கிற ஆள். இந்தியில் பேசினார். குரலில் தேன் ஒழுகியது.

"அச்சா சிஸ்டர், முருகேசனா? ஐடி பிராசஸ்ல இருக்கு."

"எட்டு மாசமா பிராசஸ்ல இருக்கா பாய்?"

"சிஸ்டம்ல கொஞ்சம் பிரச்சினை சிஸ்டர். என் கையில மாஃபி, ஒண்ணும் இல்லை. மேலே இருக்கிறவங்க ஓகே சொல்லணும்."

"அவருக்குக் கால் போச்சு தெரியுமா?"

"கேள்விப்பட்டேன், பாவம். கவலைப்படாதீங்க. டிக்கெட் போட்டாச்சு. டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்குப் போகலாம்."

எட்டு மாதமாக ஓர் அட்டையைப் புதுப்பிக்க முடியாத அதே சிஸ்டம், அதே மந்தூப், அதே மேலே இருக்கிறவர்கள். ஆளை விமானத்தில் ஏற்றுவதற்கான எல்லாப் பேப்பரையும் மூன்றே நாளில் முடித்துவிட்டார்கள். கலாஸ். வீல் சேரில் உட்காரவைத்து, மடியில் ஒரு மருந்துப் பையை வைத்து அனுப்பினார்கள். நாசமாய்ப் போகட்டும் என்று நான் யாரையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சமையலறையில் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னேன். என் மகள் பயந்துபோய், "அம்மா, வாட் ஹேப்பன்ட்?" என்று ஓடி வந்தாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. நம்மூர்க் குடும்பங்கள் ஏழெட்டு. விஷயம் எப்படியோ பரவியிருந்தது. ஓர் அம்மாள், நல்லவர்தான், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அடுத்தவன் கார்டுல போறதாவது! சுத்த ஃப்ராடு. இந்த லேபர் ஆளுங்களாலதான் நம்ம பேரே கெடுது."

"உங்க ஐடியை யாரு ரினியூ பண்றா?" என்று கேட்டேன்.

"அவரோட கம்பெனி."

"பண்ணலைன்னா?"

"பண்ணாம எப்படி இருப்பாங்க?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். இத்தனை வருடத்தில் அப்படி ஒன்று நடக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"உங்க குழந்தைக்குக் காய்ச்சல் நூத்தி மூணு. கார்டு செத்துப்போச்சு. பக்கத்து வீட்டுக்காரி அவ குழந்தை கார்டை நீட்டுறா. வேண்டாம், ஃப்ராடுன்னு சொல்வீங்களா?"

என் குரல் ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் துப்பட்டாவை இழுத்தார். அவருடைய கம்பெனி எங்களுக்குக் குடும்ப இன்ஷூரன்ஸ் கொடுத்திருக்கிறது. நாங்கள் போகிற ஆஸ்பத்திரி லாபியில் பியானோ இருக்கிறது. தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கையலம்பப் போனேன்.

பதினோரு வருகைகள்

செல்வராசு விஷயம் அப்போது முடிந்திருக்கவில்லை.

டாக்டர் தன்னால் முடிந்ததைச் செய்தார். 'பதிவில் எங்கள் தரப்புப் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதனால் செல்வராசுவின் கம்பெனிக்குக் கடிதம் போகவில்லை, வேலை பிழைத்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரட்டும், எனக்கு அது தேவைதான். ஆனால் நடந்தது என்ன என்று எழுதுகிற அந்தப் படிவத்தில் நோயாளி தவறா, ஊழியர் தவறா என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. ஐடியைப் புதுப்பிக்காத கம்பெனியின் பெயரை எழுத இடமே இல்லை. ஓரத்தில் எழுதினேன். அச்செடுத்தபோது ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது.

மேலிடம் ஒரு நிபந்தனை போட்டது. செல்வராசுவின் ஃபைலைச் சுத்தம் செய்யும்வரை கார்டு நிறுத்தி வைக்கப்படும். எது அவர் வந்தது, எது மற்றவர்கள் வந்தது என்று பிரித்துத் தர வேண்டும். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மதியம் ஒரு மணிக்கு டியூட்டிக்கு நடுவில் வந்தார். சட்டையெல்லாம் தண்ணீர் நனைந்து, கையில் வண்டிச் சாவியோடு என் எதிரே உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் பதினோரு வருகைகள். பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"பல் வலி?"

"அது பாண்டிங்க."

"கண்ணுல சிமெண்ட் தூசி?"

"அவனேதான். ரெண்டாந்தடவை."

"வயித்துப்போக்கு?"

"அது ஒரு தஞ்சாவூர்க்காரன், ரூம்ல ரெண்டு மாசந்தான் இருந்தான். பேரு ஞாபகம் இல்லீங்க."

அடித்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது அந்த ரத்தப் பரிசோதனை. "இது நீங்கதானே? சர்க்கரை பாத்தது?"

"இல்லீங்க சிஸ்டர். அது குமாரு. அவன் ஊருக்குப் போயிட்டான்."

பத்தும் பதினொன்றும் முருகேசன். பேனாவை வைத்துவிட்டேன்.

"அப்போ நீங்க எப்பதான் வந்தீங்க?"

தலையைச் சொறிந்தார். "நான் வந்ததில்லீங்க."

"ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூடவா? உங்க கார்டு செல்வராசு! உடம்புக்கு ஒண்ணுமே வந்ததில்லையா?"

"அப்பப்ப வரும்ங்க. இப்ப ஒரு மாசமா, கேனைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறுனா நெஞ்சுக்குள்ள இறுக்கிப் பிடிக்கும். இடது கை கனக்கும். கொஞ்சம் நின்னா விட்டுரும்."

எழுந்து நின்றுவிட்டேன். "ஏன்யா வரலை? கார்டு கையில இருக்குல்ல?"

அவர் ஏதோ தப்புச் செய்தவர்போலச் சொன்னார்: "எனக்குன்னு ஒரு பெரிய வியாதி அந்தக் கார்டுல ஏறிட்டா, அப்புறம் நம்ம பசங்க யாரு போனாலும் அதையேதானே சிஸ்டர் கேப்பாங்க? கார்டு கெட்டுப்போயிரும்னு விட்டுட்டேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது? இந்த முட்டாள் மனுஷனையா? அவர் கையைப் பிடித்து எழுப்பி, கதவைக்கூடத் தட்டாமல் டாக்டர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். டப்பாவை மூடிவிட்டு, "படுக்கச் சொல்" என்றார்.

சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சைத் துடைத்து, ஈ.சி.ஜி. வயர்களை ஒட்டினேன். மெஷின் கார்டு எண் கேட்டது. நிறுத்தி வைத்த எண்ணை எப்படி அடிப்பது? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அடுத்த கட்டத்தில் பெயர் கேட்டது. செல்வராசு என்று அடித்தேன். அந்தப் பெயரில் அவரே படுத்திருந்தது அன்றைக்குத்தான்.